கருமம் யாருடையது?

எங்க வளவில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது காதில் விழுகிற சொல் 'கருமம்'. சோறு குழைஞ்சு போனா கருமம். புருஷன் குடிச்சிட்டு வந்தா கருமம். பிள்ளை பெயிலாப் போனா 'கருமம் புடிச்சவனே'. செத்த பதினாறாம் நாள் செய்வது கருமாதி. நல்லது எதையும் இந்தச் சொல்லால் நாங்கள் சொன்னதாக நினைவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் செய்கை, தொழில், வேலை. 'கருமமே கண்ணாயினார்' என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அது உயர்ந்த சொல். வளவுக்குள் வந்தால் வசவு. ஒரே சொல் ஊருக்குள் ஒரு பொருளும் சேரிக்குள் ஒரு பொருளும் கொண்டது எப்படி? இந்தக் கேள்வியைப் புத்தகம் படித்து நான் கேட்கவில்லை. எங்கப்பன் கையில் இருந்த பறையைப் பார்த்துக் கேட்டேன்.

ராசிபுரத்துக்குக் கிழக்கே, போதமலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு ஊரின் சேரி எங்களுடையது. சேலம் ஜில்லாவாக இருந்தது, 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டம். ஊருக்குள் எழவு விழுந்தால் தலையாரி வளவு முனையில் நின்று கூப்பிடுவான். அவன் கூப்பிட்டதும் இரண்டு வேலை. சிலர் உறவுக்காரர் ஊர்களுக்குக் கேதம் சொல்ல ஓடணும். பதினைந்து மைல், இருபது மைல் நடந்து போய், யார் வாசலிலும் ஏறாமல் தெருவில் நின்று சொல்லிவிட்டு, துண்டில் போடுகிற அரிசியை வாங்கிக்கொண்டு திரும்பணும். மற்றவர்கள் கொட்டப் போகணும். நான் சின்னப் பையனாக எங்கப்பன் பின்னால் வைக்கோல் சுமந்து போவேன். தோல் தளர்ந்து போனால் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் பறையைக் காய்ச்சி விறைப்பேத்தணும். அது என் வேலை. ராத்திரி முழுக்க அடி. அதற்குக் கூலி, மலையில் காய்ச்சி வந்த சாராயம், கொஞ்சம் அரிசி, சில்லறை. சாராயத்தை முதலில் கொடுத்துவிடுவார்கள். அது கூலி இல்லை, வேலைக்கான எண்ணெய் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

1975 கோடையில் என் தங்கச்சி செத்தாள். நாலு வயசு. வளவுக்குக் கிணறு கிடையாது. கவுண்டர் கிணத்தில் யாராவது இறைத்து ஊத்தினால்தான் தண்ணி. கோடையில் அதுவும் இல்லை. ஓடையில் ஊத்துத் தோண்டிக் குடித்தோம். வாந்தியும் பேதியும் ஒரு ராத்திரி ஒரு பகல். வண்டி கேட்டு அலைந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "போன சென்மத்துல ஆரு புள்ளயக் கொன்னனோ, எங் கருமம்."

மூணாம் நாள் ஊருக்குள் பெரிய வீட்டுக் கிழவி செத்தது. தலையாரி வந்தான். "உங்க எழவு முடிஞ்சு போச்சில்ல, வாடா." எங்கப்பன் மறுக்கவில்லை. பறையை எடுத்துக்கொண்டு போனார். நானும் வைக்கோல் எடுத்துக்கொண்டு போனேன். அன்று அவர் அடித்த அடியை ஊரே மெச்சியது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணி கொடுக்காதது ஊர். செத்தது எங்க பிள்ளை. பழி எங்கம்மாவின் முன்பிறவிக்கு. கர்மக் கோட்பாடு என்று தத்துவப் புத்தகங்களில் பல நூறு பக்கங்களில் எழுதியிருப்பது நடைமுறையில் இவ்வளவுதான். ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் கணக்கில் எழுதுவது.

2

எழுதி வைத்தவர்கள் மறைக்கவில்லை. பச்சையாகவே எழுதினார்கள். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் பகுதியில் இது வருகிறது. நல்ல நடத்தை உள்ளவர்கள் பிராமண, க்ஷத்திரிய, வைசியக் கருப்பையில் போய்ச் சேர்கிறார்கள். கெட்ட நடத்தை உள்ளவர்கள் நாய், பன்றி, சண்டாளர் கருப்பைக்குப் போகிறார்கள். நாய்க்கும் பன்றிக்கும் அடுத்து நாம். பிறப்பே தண்டனை, பிறந்த வீடே சிறை, குலத்தொழிலே சிறைக்குள் கொடுக்கிற வேலை. கீதை அதற்கு மேல் பூட்டுப் போட்டது. தன் கடமை குறையுள்ளதாக இருந்தாலும் அதையே செய்வது மேல், பிறர் கடமையை நன்றாகச் செய்வதைவிட. அதாவது நன்றாகப் படிப்பதைவிட மோசமாகவேனும் பறையடிப்பது மேல்.

இதெல்லாம் ஓலைச்சுவடியோடு போயிற்று என்று சிலர் சொல்வார்கள். போகவில்லை. எங்கப்பன் மூணாம் வகுப்பில் படிக்கும்போது அது அரசு உத்தரவாக வந்தது. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதுக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் பழகுவது. பெரியாரும் திராவிடக் கழகத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

எங்கப்பன் அதைச் சொல்லும்போது சிரிப்பார். "மத்தியானமே வாத்தியாரு போகச் சொல்லிட்டாரு. தச்சம் பையன் உளி புடிக்கப் போனான், வண்ணாம் பையன் துறைக்குப் போனான். நான் எங்கே போறது? ஊருக்குள்ள ஆராச்சும் சாகோணும், அப்பத்தான் எனக்குப் பாடம்." அந்தச் சிரிப்பில் ஒரு முழு விமர்சனம் இருந்தது. தொழில் என்று மரியாதையாகச் சொல்கிற சொல்லுக்குள் உளியும் இருக்கிறது, பாடைக்கு முன்னால் நடப்பதும் இருக்கிறது. தொழிற்கல்வி என்று சொன்னவர்கள் இரண்டாவதைப் பேசவே இல்லை. திட்டம் போனது. ஆனால் எங்கப்பன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

இதே இராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1இல் சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் ஏழைப் பெண்கள் பட்ட நிம்மதி உண்மை. எங்க அப்பாரு காலத்து ஆட்கள் அதை நன்றியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் பாருங்கள், சாராயத்தைத் தடுத்த சட்டம் எந்த வேலைக்காகச் சாராயம் ஊற்றப்பட்டதோ அந்த வேலையைத் தொடவில்லை. குடியை விடு, குலத்தொழிலை விடாதே. 1937க்கும் 1953க்கும் நடுவில் முரண்பாடு எதுவும் இல்லை. சேரிக்காரனைத் திருத்துவது ஒன்று, விடுவிப்பது வேறொன்று.

3

விடுதலைக்கு எங்க ஆட்கள் வேறு பக்கம் தேடினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) அதில் முன்னோடி. 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பறையர் என்று இழிக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். பௌத்தத்தை விடாததால் தாழ்த்தப்பட்டார்கள், தாழ்ந்தவர்களாகப் பிறந்ததால் அல்ல. இந்த வரலாற்றின் ஒவ்வொரு விவரத்தையும் இன்று ஆய்வாளர்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் அவர் செய்த வேலை என்ன? நம்ம இழிவுக்குக் காரணத்தை முன்பிறவியிலிருந்து எடுத்து வரலாற்றில் வைத்தார். முன்பிறவியை யாரும் மாற்ற முடியாது. வரலாற்றைப் படிக்கலாம், வழக்காடலாம், திருப்பலாம். கோலார் தங்க வயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூலிக்குப் போன தமிழர்கள் சங்கத்தின் கிளைகளை ஏன் திறந்தார்கள் என்பது இதில் இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே வந்தவனுக்குத்தான் தன் 'கருமம்' ஊர் எல்லையோடு முடிந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது.

அதே 1907இல் அவருடைய தோழரும் அறிவியல் பேராசிரியருமான இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். 1948இல் அது மறுபதிப்பாக வந்தபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

அம்பேத்கருக்குக் கர்மம் ஒரு பெரிய சிக்கலாகவே இருந்தது. அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே அதைப் போட்டு உடைக்கிறார். ஆன்மா இல்லை என்றவர் புத்தர். ஆன்மா இல்லாவிட்டால் எது அடுத்த பிறவிக்கு வினையைச் சுமந்துகொண்டு போகும்? நூலுக்குள்ளே இன்னும் கடுமையாகப் பேசுகிறார். ஏழையும் தாழ்ந்தவனும் இப்படி இருப்பதற்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கத்தான் முன்வினைக் கோட்பாடு பயன்படுகிறது, மகா கருணை கொண்டவர் என்று பெயர்பெற்ற ஒருவர் இப்படிப்பட்ட கோட்பாட்டை ஆதரித்திருக்க முடியாது என்கிறார். புத்தர் சொன்ன கர்மம் இந்த வாழ்க்கையைப் பற்றியது, உலகத்தின் ஒழுக்க ஒழுங்கு கடவுள் கையில் இல்லை, மனிதர் செய்கையில் இருக்கிறது என்பது அவர் முடிவு.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லணும். பௌத்த நூல்கள் எல்லாமே அம்பேத்கர் பக்கம் இல்லை. நம்ம மணிமேகலையிலேயே முற்பிறப்புக் கதைகள் அடுக்கடுக்காக வருகின்றன. சாதகக் கதைகள் முழுக்க அதுதான். அம்பேத்கருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார். எதை எடுப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை படிக்கிறவனுக்கு உண்டு என்பதும் நாம் அவரிடம் கற்க வேண்டியது. ஆனால் அவர் இல்லாததை இட்டுக் கட்டவும் இல்லை. பாலி நூல்களிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தேவதக சுத்தத்தில் நிகண்டர்களிடம் புத்தர் கேட்கிறார். முன்பு நீங்கள் இருந்தீர்களா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா? இன்ன பாவம் செய்தோம் என்று தெரியுமா? இவ்வளவு கழிந்தது, இவ்வளவு மீதி என்று தெரியுமா? தெரியாது என்கிறார்கள். பிறகு எந்தக் கணக்கை வைத்து வட்டி கட்டுகிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். சீவகன் என்ற துறவி ஒருவன், மனிதன் படுகிற வேதனை எல்லாம் முன்வினையாலா என்று கேட்டதற்கு வேறொரு சுத்தத்தில் பதில் இருக்கிறது. பித்தத்தால் வரும், கபத்தால் வரும், வாயுவால் வரும், பருவம் மாறுவதால் வரும், பராமரிப்புக் கெட்டால் வரும், அடிபட்டால் வரும், வினையாலும் வரும். எல்லாமே முன்வினை என்பவர்கள் கண்ணால் காண்பதைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி எங்கம்மாவை நினைத்துக்கொண்டேன். ஓடை ஊத்துத் தண்ணிக்கும் வாந்திபேதிக்கும் நடுவில் எங்கம்மாவின் முன்பிறவி எங்கே நுழைந்தது?

4

இன்னொரு இடம் எனக்கு அதைவிட முக்கியம். எண்ணத்தையே, மனம் வைத்துச் செய்வதையே, தான் கர்மம் என்கிறேன் என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. இதை நம்ம நிலத்தில் வைத்துப் பாருங்கள். தலையாரி கூப்பிட்டு, மறுத்தால் வேலை போகும், அடி விழும் என்ற பயத்தில், சாராயத்தை ஊற்றிவிட்டு ஒருத்தனை அடிக்கச் சொல்கிறார்கள். அந்தச் செய்கையில் யாருடைய எண்ணம் இருக்கிறது? எண்ணம் ஊருடையது, கை மட்டும் எங்கப்பனுடையது. அப்படியானால் அந்தக் கர்மமும் ஊருடையதுதான். தலைமுறை தலைமுறையாக நம்ம தலையில் எழுதப்பட்டிருந்தது நம்ம கணக்கே இல்லை.

நம்ம கணக்கு எப்போது தொடங்கியது? எங்க வளவில் அது 1978இல் தொடங்கியது.

திடீரென்று நடக்கவில்லை. தங்கச்சி செத்து மூணு வருஷம் கழித்து எங்கப்பன் முதலில் குடியை நிறுத்தினார். யாரும் புத்தி சொல்லவில்லை. "அன்னிக்கு அந்தக் கிழவிக்குக் கொட்டுனது எனக்கு நெனப்பே இல்ல. ஊரே நல்லா அடிச்சேங்குது. எனக்குத் தெரியாம என் கை அடிச்சிருக்குது" என்று ஒரு நாள் சொன்னார். குடியை நிறுத்தியதும் அடிப்பது கஷ்டமாகிவிட்டது. தெளிந்த கண்ணோடு அந்த வாசலில் நிற்க முடியவில்லை. அவரும் இன்னும் நாலு பேரும் பேசி, பிறகு வளவுக் கூட்டத்தில் வைத்து, பதினோரு வீடும் சேர்ந்து முடிவு செய்தோம். இனி ஊர் எழவுக்குக் கொட்டுவதில்லை, கேதம் சொல்லப் போவதில்லை, செத்த மாடு தூக்குவதில்லை.

ஊர்க்கட்டு விழுந்தது. காட்டு வேலை இல்லை. கடையில் சாமான் இல்லை. வரப்பில் ஆடு நடக்கக்கூடாது. பாதி ஆட்கள் செங்கல் சூளைக்கும் சேலத்து மண்டிகளுக்கு மூட்டை தூக்கவும் போனார்கள். எங்கப்பன் சூளைக்குப் போனார்.

மறுப்பது ஒரு நாள் வேலை. மறுத்தபடியே நிற்பது வருஷக்கணக்கான வேலை. போராட்டக் கதைகளில் நாம் முதலாவதை மட்டும் எழுதுகிறோம். 1979இல் மழை பொய்த்து, சூளையும் நின்று, வீட்டில் மூணு நாள் அடுப்பெரியாத சமயம், பத்து மைல் தள்ளி யாருக்கும் தெரியாத ஒரு ஊரில் எங்கப்பன் போய்க் கொட்டிவிட்டு வந்தார். ரூபாயும் அரிசியும் கொண்டுவந்தார். நாங்கள் சாப்பிட்டோம். அடுத்த வாரம் வளவுக் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். "நான் போனேன். பசிக்குப் போனேன். தப்புத்தான்." அபராதம் போடணும் என்று சிலர் கத்தினார்கள். வயசான ஒரு அம்மா எழுந்து, "பசிச்சவனுக்கு அவராதம் போட்டா நாளைக்கு எவன் நெசத்தச் சொல்லுவான்?" என்று கேட்டது. அபராதம் விழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு வந்தது. அறுப்புக் காலத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு வள்ளம் ராகி பொதுவில் போட்டு வைப்பது. யார் வீட்டில் அடுப்பெரியவில்லையோ அவர்களுக்குக் கேள்வி கேட்காமல் அளப்பது.

அந்தப் பானைதான் எங்களை நிறுத்தியது. மனவுறுதி மட்டும் இருந்திருந்தால் அடுத்த பஞ்சத்தில் எல்லாரும் பறையைத் தூக்கியிருப்போம். கூடவே வேறு சில சின்னச் சின்னக் காரியங்கள் செய்தோம். தலையாரி வந்தால் ஒளிந்துகொள்ளாமல் வாசலில் நின்று 'வரமாட்டோம்' என்று வாய்விட்டுச் சொல்வது. முதல் தடவை குரல் நடுங்கும், பத்தாவது தடவை நடுங்காது. எங்க எழவு வீட்டில் சாராயம் வைப்பதில்லை. முக்கியமாக, பையன்களுக்கு அடி கற்றுக்கொடுப்பதில்லை. வைக்கோல் சுமந்த நான் பத்தாவது வரை போய், ஆசிரியர் பயிற்சி முடித்தது அந்த முடிவால்தான்.

ஒருத்தன் தன்னை மாற்றிக்கொள்வதைப் பற்றி இன்று நிறைய உபதேசம் கேட்கிறோம். எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும் என்கிறார்கள். எண்ணம் மாறணும், சரி. ஆனால் மாறிய எண்ணத்துக்குச் சோறு போட ஒரு பானை வேணும், தவறினால் வந்து சொல்ல ஒரு கூட்டம் வேணும். அயோத்திதாசர் ஆரம்பித்ததற்குச் 'சங்கம்' என்று பேர் வைத்தது சும்மா இல்லை. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தனியாகத் தீட்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. லட்சக்கணக்கானவர்களை நிற்க வைத்து 22 உறுதிமொழிகளை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். குடிக்கமாட்டேன் என்பதும் அதில் ஒன்று.

5

சேலம் கோட்டை ரோட்டில் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. அந்தச் சிலை புத்தர் என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். தொல்லியல் துறையினர் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசிய மாவையும் குங்குமத்தையும் நீக்கிச் சோதித்தார்கள். தாமரைப் பீடம், அமர்ந்த கோலம், தியான முத்திரை, சுருள்முடி, உச்சிக் கொண்டை, நீண்ட காதுமடல். தலை உடலிலிருந்து வெட்டுப்பட்டு, பிறகு சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலைதான் என்று தீர்ப்பளித்தது. தொல்லியல் துறை பொறுப்பேற்கணும், புத்தர் சிலை என்று பலகை வைக்கணும், பூசை கூடாது என்று உத்தரவிட்டது. கிழக்கே தலைவாசல் பக்கம் தியாகனூரில் இரண்டு பெரிய கற்புத்தர் சிலைகள் இருக்கின்றன. இந்தச் சமவெளி யாருடையதாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1940இல் மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' எழுதியபோதே பௌத்தக் கோயில்கள் கிராம தேவதைக் கோயில்களாக மாறிய கதையைப் பேசினார்.

முன்வினையைக் கேள்வி கேட்டவரை நிறுத்தி வைத்து, மேலே மாவும் குங்குமமும் பூசி, அவரிடமே போய் 'என் முன்வினை தீரணும் சாமி' என்று நாம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இதில் நம்ம சனங்களைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டதும் அவர்கள்தான். வெட்டியதைப் பேரிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், தலைவெட்டி என்று. வரலாறு எழுத விடாதபோது சனங்கள் பேரில் எழுதி வைப்பார்கள்.

பழைய கதை என்று இதையும் தள்ளிவிட முடியாது. 2015 ஜூன் 23இல் ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டக் கடிதம்கூடத் தயாராக இருந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அது கொலை என்று சொல்லி 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தக் கடிதத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கொன்றவன் செய்ததைச் செத்தவன் கையெழுத்தில் எழுதி வைப்பது. முன்வினைக் கோட்பாடும் அப்படி ஒரு கடிதம்தான். நம்ம சாவுக்கு நாமே காரணம் என்று நம்ம பேரில் அவர்கள் எழுதி வைத்தது. எங்கம்மா அன்று மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது அந்தக் கடிதத்திலிருந்து மனப்பாடமாகச் சொன்னது.

6

எங்கப்பன் 2009இல் போய்ச் சேர்ந்தார். அவர் எழவுக்குப் பறை கிடையாது. அவருடைய பறையில் தோல் எப்போதோ எலி கடித்துப் போயிற்று. வேப்பமரக் கட்டையை எங்கம்மா தண்ணிக் குடத்துக்குப் பிரிமணையாக வைத்திருந்தாள்.

என் மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கும்போது ஒரு கலைக்குழுவில் சேர்ந்து பறை கற்றுக்கொண்டாள். ஒரு நாள் வந்து அந்தக் கட்டையைக் கேட்டாள், தோல் கட்டணும் என்று. எனக்கு உடம்பு கொதித்தது. எதை விட நாங்கள் ராகிப் பானை வைத்துக் காத்திருந்தோமோ அதையே தோளில் மாட்டுகிறாயா என்று கத்தினேன். பறை நம்ம இசை, அதை இழிவு என்று சொன்னது அவங்க, நாம ஏன் அதை நம்பணும் என்று அவள் கேட்டாள். தலித் இயக்கங்களுக்குள் முப்பது வருஷமாக நடக்கிற விவாதம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது என் வீட்டுத் திண்ணையில் நடந்தபோது என்னால் நியாயம் பார்க்க முடியவில்லை.

எங்கம்மாதான் கேட்டாள். "கண்ணு, ஆரு கூப்புட்டா?"

"ஆரும் கூப்புடல அப்பாயி. நானாத்தான்."

"சாராயம் ஊத்துவாங்களா?"

"இல்ல அப்பாயி."

"வேண்டாமுன்னு தோணுச்சுன்னா நிறுத்திப்போடலாமா?"

"நிறுத்திப்போடலாம்."

எங்கம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அங்குத்தர நிகாயம் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு செய்கை யாருடையது என்று கண்டுபிடிக்கக் கேட்க வேண்டிய மூணு கேள்விகளையும் கேட்டுவிட்டாள்.

அம்பேத்கர் பிறந்தநாளில் அவள் அடித்ததைப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை. பறை தளரும்போது வைக்கோல் எங்கே என்று என் கை தேடியது. அந்தத் தழும்பு எனக்குப் போகாது. அவளுக்கு அது இல்லை. அது போதும்.

ஆனால் இதோடு முடித்தால் பொய் சொன்னவனாவேன். எங்களுக்குப் பக்கத்து ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் ஊர் எழவுக்குப் போகிறார்கள். கூப்பிடுவது இப்போது தலையாரி இல்லை, செல்போன். சாராயத்துக்குப் பதில் டாஸ்மாக் பாட்டில். கேட்டால், "எங்க கருமம், விடுங்க வாத்தியாரே" என்கிறார்கள். அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். அவர்கள் வீட்டில் ராகிப் பானை இருக்கிறதா என்று பார்க்கணும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, கடன் எவ்வளவு, யாரிடம் என்று கேட்கணும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்க வளவிலிருந்து நாலு பேர் போகிறோம். எங்கம்மாவும் வருகிறேன் என்கிறாள்.